ஜமீன்தாரின் நெஞ்சு

சேவுகம்பட்டி
9-7-2025

திண்டுக்கல் விடுதியில் கைப்பேசி இல்லாமல் தவமிருக்கும் என் மருமகள் டெய்சிக்கு, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு தொடங்கிக் கொடைக்கானல் மலை உச்சி வரை உள்ள அத்தனை முதுகெலும்புகளையும் பஞ்சு வைத்துத் தாங்கும் மெத்தைக்கடை மகாராஜன், உன் தாய்மாமன் செபஸ்தியான், கடுங்கோபத்தோடு எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கம். அதில் ஜோஸ்பின் மிஸ் என்ற பெயர் பதினொரு இடத்தில் வருகிறது. என் பெயர் ஒரே இடத்தில் வருகிறது. அதுவும் உறையின் மேலே, தபால்காரர் படிப்பதற்காக.

ஜோஸ்பின் மிஸ் சொன்னார்களாம், நெஞ்சு நின்று விழுந்தவனுக்கு முதல் சில நிமிஷம்தான் கணக்காம். ஜோஸ்பின் மிஸ் சொன்னார்களாம், 108 வண்டி வந்து சேரும் வரை பக்கத்தில் நிற்பவர்தான் அவனுக்கு டாக்டராம். நடு நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிஷத்துக்கு நூறுக்குக் குறையாமல் அழுத்த வேண்டுமாம். ஏன் தாயி, உயிர் காப்பதை இந்த உலகத்துக்கு அந்த மிஸ்தான் வந்து கண்டுபிடித்தார்களா? ஆத்தூர் டேமில் ஒரே மூச்சில் ஐம்பத்து மூன்று பேரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டவன் யார்? அது ஒரு ஆட்டுக்குட்டி என்று உன் அம்மா சொல்வாள். அக்காமார்களுக்குத் தம்பியின் பெருமை பொறுக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிளஸ் ஒன்னில் ஆறு பேரைப் பொறுக்கியெடுத்து, அந்த ஆறு பேரும் ஆளுக்குப் பன்னிரண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த சி.பி.ஆரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்குச் சொல்லித் தருவார்கள் என்கிறாய். சோதனையில் யாருடைய பிள்ளைகள் அதிகம் தேறுகிறார்களோ அந்த ஒருத்தி, ஆத்தூர் பள்ளிக்கு மிஸ்ஸோடு போய்ப் பாடம் நடத்துவாள் என்கிறாய். நல்லது. அது நீதான். ஆனால் கடைசி வரியில், "எரியோட்டு நாகஜோதிதான் போவாள் போலிருக்கிறது" என்று கொசுக்கடி மாதிரி எழுதி முடித்திருக்கிறாயே, யார் அவள்?

உடனே பதில் போடு. அதில் என் பெயர் ஐந்து இடத்திலாவது வர வேண்டும்.

செபஸ்தியான்


திண்டுக்கல்
13-7-2025

அன்புள்ள செபஸ்தியான் மாமாவுக்கு,

செபஸ்தியான் மாமா, செபஸ்தியான் மாமா, செபஸ்தியான் மாமா, செபஸ்தியான் மாமா. போதுமா?

நாகஜோதி என் வகுப்புதான். அவளுடைய அப்பாவுக்கு எரியோட்டில் காய்கறித் தோட்டம். முதல் நாள் மிஸ் பொம்மையைக் கீழே படுக்க வைத்து, சரியான ஆழத்துக்கு அழுத்தினால் அதற்குள்ளிருந்து 'டிக்' என்று சத்தம் வரும் என்றார்கள். நான் அழுத்தினேன். எட்டு தடவைக்கு ஒரு டிக் வந்தது. அவள் முட்டி போட்டாள். டிக் டிக் டிக் டிக் என்று முப்பது அழுத்தலுக்கும் முப்பது வந்தது. "எல்லாரும் இங்க வந்து பாருங்கப்பா, அழுத்தம்னா இது" என்றார்கள் மிஸ். மிஸ் என்னிடம் இதுவரை "பரவால்ல" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

மொத்தம் இரண்டே பொம்மை. ஆறு பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிஷம். ஒரு பிள்ளை முட்டி போட்டு எழுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. நாகஜோதிக்குச் சாயங்காலம். அவளுக்கு மட்டும் மிஸ் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை.

என் பன்னிரண்டு பேரில் நம் ஊர் ஷப்னமும் இருக்கிறாள். உங்கள் பக்கத்துக் கடை யாசின் மாமாவின் மகளேதான். "அக்கா, நீங்கதான் ஆத்தூர் போகணும்" என்கிறாள். எனக்கும் அது ஒன்றுதான் வேண்டும் மாமா. வேறு ஒன்றும் வேண்டாம்.

டெய்சி


சேவுகம்பட்டி
24-7-2025

என் மருமகள் டெய்சிக்கு,

இத்துடன் உன் அம்மா இஞ்ஞாசியம்மாள் கையில் ஜமீன்தார் புறப்பட்டு வருகிறார். எழுந்து நின்று வரவேற்கவும்.

இரண்டு பொம்மையை ஆறு பேர் பங்கு போடுவதா? மெத்தைக்கடைக்காரன் மருமகள் ஒரு பொம்மைக்காக மணி பார்த்து நிற்பதா? கடையை மூன்று நாள் சாத்தினேன். கல்யாண மெத்தைக்கு வைத்திருந்த சிவப்பு வெல்வெட்டில் உடம்பு தைத்தேன். மீசை என் சொந்தக் கற்பனை. நெஞ்சுக்குள் போடிப் பக்கத்து முதல் தர இலவம்பஞ்சு. ஒன்பதாம் வகுப்புப் பிஞ்சுக் கை நோகக்கூடாதே என்று மூன்று தடவை பிரித்துப் பிரித்து இளக்கிவிட்டேன். அடியில் ஒரு தகர டப்பா மூடி வைத்திருக்கிறேன். அழுத்தினால் 'டக்' என்று சொல்லும். உங்கள் பள்ளிப் பொம்மை டிக் என்றால், நம் பொம்மை டக். எது கம்பீரம் என்று நீயே சொல்.

உன் அம்மாதான் வாசலில் நின்று தகராறு செய்தாள்.

"ஏலே செபஸ்தி, இத மடியில வச்சுக்கிட்டா நான் திண்டுக்கல் வரைக்கும் பஸ்ஸுல போகணும்? பாக்குறவுக என்ன நினைப்பாக?"

"கூட ஒரு ஜமீன்தாரு வாராருன்னு நினைப்பாக. எடம் விட்டு எந்திரிப்பாக. போக்கா."

ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஜோஸ்பின் மிஸ், "இது யாரு செஞ்சது?" என்று கேட்கும்போது, மைக் இல்லாத குறை தெரியாமல் என் பெயரைச் சொல்ல வேண்டும்.

செபஸ்தியான்


திண்டுக்கல்
3-8-2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜமீன்தார் வந்த நாளிலிருந்து எனக்கு ஏறுமுகம்தான். மைதானத்து மேடைக்குப் பின்னால் அவரைப் படுக்க வைத்து, காலையிலும் சாயங்காலமும் பழக்கினேன். நான்கே நாளில் பன்னிரண்டு பேரும் டக் டக் என்று தட்டுகிறார்கள். யாருக்கும் கை வலி இல்லை. மற்ற ஐந்து பேரும் இன்னும் பாதிக் கிணறு தாண்டவில்லை. என் பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து பேரைப் பிடித்துச் சொல்லித் தரவே தொடங்கிவிட்டார்கள். சோதனை முடிந்த பிறகு சொல்லிக் கொடுத்தால் போதும் என்று மிஸ் சொல்லியிருந்தார்கள். நான்தான் முதலில் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினேன்.

மிஸ்ஸிடம் ஜமீன்தாரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சோதனை அன்று பன்னிரண்டும் ஜெயித்த பிறகு கொண்டுபோய் நிறுத்துவேன். அப்போது உங்கள் பெயரைச் சொல்வேன்.

நேற்று நாகஜோதி வந்தாள். குனிந்து ஒரு கையால் ஜமீன்தாரை அழுத்திப் பார்த்தாள்.

"டெய்சி, இது மெத்த மாதிரில்ல அமுங்குது. நெஞ்சு இப்புடியா இருக்கும்?"

"உனக்குத் தனியா பொம்ம இல்லன்னா அத நேரா சொல்லு."

"அதுக்குச் சொல்லல. மிஸ்கிட்ட ஒரு தடவ காட்டிக்கோயேன்."

"நீ ஒன் வேலயப் பாரு."

போய்விட்டாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மாமா. எனக்கு அன்றைக்குச் சோறு இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கியது.

டெய்சி


சேவுகம்பட்டி
7-8-2025

மருமகளே,

மெத்தை மாதிரி இருக்கிறது என்றாளா? அதைத் திட்டு என்று நினைத்தா சொன்னாள்? முப்பது வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த பட்டம் அல்லவா அது.

பொறாமை தாயி, வெறும் பொறாமை. காய்த்த மரத்தில் கல் விழுகிறது. நீ ஒன்றும் கண்டுகொள்ளாதே. மிஸ்ஸிடம் இப்போதே காட்ட வேண்டியதில்லை. ராஜா கடைசியில்தான் மேடைக்கு வருவார்.

ஆத்தூரில் நீ பாடம் நடத்தும் நாளில் நான் இரண்டு வேன் பிடித்து ஆள் கொண்டுவருவேன். பூப்போட இரண்டு பேரை ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டேன்.

செபஸ்தியான்


திண்டுக்கல்
20-8-2025

மாமா,

திங்கட்கிழமை சோதனை நடந்தது. பள்ளிப் பொம்மையில்.

பன்னிரண்டு பேர். ஒரு டிக் கூட வரவில்லை.

முதலில் ஷப்னம் போனாள். உள்ளங்கையை வைத்து, தலையணையைத் தட்டுவது மாதிரி அழுத்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "அக்கா, இது ஏன் இம்புட்டுக் கெட்டியா இருக்கு? ஒடஞ்சிருச்சா?" என்றாள். கூட்டத்தில் சிரித்தார்கள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும் அப்படியே. எல்லாருக்கும் முழங்கை மடங்குகிறது. உடம்பின் பாரத்தை இறக்க ஒருத்திக்கும் தெரியவில்லை. ஜமீன்தாருக்கு அது தேவைப்படவே இல்லையே.

நாகஜோதியின் பிள்ளைகளில் பதினொரு பேர் தேறினார்கள்.

மிஸ் என்னைக் கூப்பிட்டு, "டெய்சி, எதுல வச்சுப் பழகுனீங்க?" என்றார்கள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். நான், "ஸ்கூல் பொம்மைலதான் மிஸ். பிள்ளைங்க பயந்துட்டாங்க" என்றேன்.

நாகஜோதி பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் மாமா.

மிஸ் எனக்கு மட்டும் செப்டம்பர் எட்டாம் தேதி மறுபடியும் வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் இந்தப் பன்னிரண்டு பேரையும் எப்படியாவது தேற்றிவிடுவேன். அவர்கள் சொல்லிக் கொடுத்த அறுபது பேரை யார் சோதிக்கப் போகிறார்கள்? உண்மையைச் சொன்னால் ஆத்தூர் அவளுக்குத்தான். அதை நான் தர மாட்டேன்.

ஜமீன்தாரை என் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். கை நோகக்கூடாது என்று இளக்கினீர்களாம். உங்களை யார் இளக்கச் சொன்னது?

நீங்கள் இங்கே வர வேண்டாம். இதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவும் வேண்டாம்.

டெய்சி


சேவுகம்பட்டி
1-9-2025

டெய்சிக்கு,

வர வேண்டாம் என்றாய். நேற்று ஞாயிற்றுக்கிழமை, வந்தேன். தலைவலி என்று சொல்லி அனுப்பினாய். அந்தத் தலைவலி மாடி ஜன்னலில் நின்று என்னை எட்டிப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

வாயைத் திறக்காதே என்றாய். திறக்கவில்லை. மெத்தை ஊசியால் தைத்துக்கொண்டதுபோல் நின்றேன். என் வாழ்நாளில் நான் செய்த வீரச்செயல் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஆட்டுக்குட்டி.

பார்வையாளர் வரிசையில் ஒரு பெண் வந்து, "டெய்சி மாமாவா? நான் நாகஜோதி. அவளுக்கு நெசமாவே தலவலி போல. செத்த நேரம் உள்ள வந்து ஒக்காருங்க" என்றாள். கொம்பு முளைத்த ஒருத்தியை எதிர்பார்த்திருந்தேன். முருங்கைக்காய்க் கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாக நிற்கிறாள். கூடத்தில் அந்த மிஸ் பெற்றோர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "நீங்களும் ஒருதரம் பண்ணிப் பாருங்க சார்" என்றார்கள்.

முட்டி போட்டேன். தாலுகா முழுக்கப் பஞ்சு அடித்த கை இது. ஓங்கி அழுத்தினேன். பொம்மை என்னை மதிக்கவில்லை.

"முழங்கை மடங்குது சார். கைய அமுக்காதீங்க. ஒங்க ஒடம்ப எறக்குங்க."

"விலா ஒடஞ்சிருமேன்னு பாக்குறேன் டீச்சர்."

"ஒடஞ்சா ஒட்ட வச்சுக்கலாம் சார். மெதுவா அமுக்குனா ஆளு போயிருவாரு."

ஒன்பதாவது தடவைதான் டிக் வந்தது. முப்பது அடிப்பதற்குள் சட்டை நனைந்து பாயில் சொட்டியது. உயிர் காப்பது இம்புட்டுக் கடினமான வேலை என்று இந்த ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்தால் யாசினும் மகளைப் பார்க்க வந்து நிற்கிறார். போன தைமாதம்தான் மதுரையில் நெஞ்சுக் குழாயில் அடைப்பு எடுத்துவிட்டு வந்த மனுஷன். "செபஸ்தி, எம்புள்ள பாதி டாக்டராயிருச்சு, பாக்குறியா?" என்றார். ஷப்னம் அவர் கொண்டுவந்த துணிப்பையைத் தரையில் வைத்தாள். "மாமா, நீங்க விழுந்தா பயப்படாதீங்க, நான் இருக்கேன். எங்க அத்தாவுக்கும் நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பையை இதமாகத் தட்டினாள். நான் விழுந்தால் பரவாயில்லை டெய்சி. என்னைத் தடவிக் கொடுத்துத் தூங்க வைத்து அனுப்புவாள், ஊருக்கு ஒரு தொல்லை குறையும். ஆனால் யாசின் சிரித்துக்கொண்டு நிற்கிறார். மகள் கையை நம்பி நிற்கிறார்.

நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜமீன்தாரை உனக்காகச் செய்யவில்லை. உன் கடிதத்தில் அந்த மிஸ்ஸின் பெயரைத் தள்ளிவிட்டு என் பெயர் உட்கார வேண்டும் என்று செய்தேன். கை நோகக்கூடாது என்றதுகூட அதற்குத்தான். மிஸ் வலிக்க வலிக்கச் சொல்லித் தருவார்கள், மாமா வலிக்காமல் தருவார், யார் பெரியவர் என்று நீ பார்க்க வேண்டும். நாகஜோதி சொன்னது சரி என்று ஒரு மெத்தைக்காரனுக்குத் தெரியாதா? படித்ததும் தெரிந்தது. தெரிந்துதான் பொறாமை என்று எழுதினேன்.

வியாழக்கிழமை வரை பொறுப்பேன். அதற்குள் உன்னிடமிருந்து சேதி வராவிட்டால் யாசினிடம் நானே போய்ச் சொல்லிவிடுவேன். நீ என்னோடு பேசாமல் போனாலும் சரி.

செபஸ்தியான்


திண்டுக்கல்
4-9-2025

மாமா,

சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் உங்களுக்குப் பிந்தித்தான் வரும் என்று அம்மாவுக்கு விடுதி போனிலும் சொல்லிவிட்டேன்.

ஜமீன்தாரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மிஸ் அறைக்குப் போனேன். வழியெல்லாம் பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ் அழுத்திப் பார்த்தார்கள். 'டக்' என்றது. மறுபடியும் அழுத்தினார்கள். பிறகு, "மொத்தம் எத்தன பேரு?" என்றார்கள். பன்னிரண்டும் அறுபதும் சேர்த்து எழுபத்திரண்டு என்றேன்.

நேற்றிலிருந்து ஆறு பேரும் சேர்ந்து அந்த எழுபத்திரண்டு பேருக்கும் மறுபடி பழக்குகிறோம். ஜமீன்தாரையும் பள்ளிப் பொம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, முதலில் இது, அடுத்தது அது என்று அழுத்த வைக்கச் சொன்னார்கள் மிஸ். வித்தியாசம் கைக்குத் தெரியட்டும் என்றார்கள். ஷப்னத்துக்கு இன்றைக்குப் பதினேழு டிக் வந்தது. அழுதுகொண்டே அழுத்தினாள்.

ஆத்தூருக்கு நாகஜோதி போகிறாள். பொம்மைப் பையைத் தூக்க ஒரு ஆள் வேண்டுமாம். அது நான்.

உங்கள் மேல் உள்ள கோபம் இன்னும் போகவில்லை. "இது யாரு செஞ்சது?" என்று மிஸ் கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லியிருந்தீர்களே. மிஸ் கேட்டார்கள். சொன்னேன்.

டெய்சி


சேவுகம்பட்டி
9-9-2025

டெய்சிக்கு,

யாசினிடம் நானும் சொல்லிவிட்டேன். எழுந்து தன் கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் ஒரு டீயைக் கொண்டுவந்து நங்கென்று வைத்துவிட்டுப் போனார். சர்க்கரை இல்லை.

வேன் இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூப்போட வருவதாக இருந்தவர்களும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

பையை நேராகப் பிடித்துத் தூக்கு. தோள்பட்டை வலிக்கும். வலித்தால் வலிக்கட்டும் என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை.

மாமா


திண்டுக்கல்
21-9-2025

அன்புள்ள மாமாவுக்கு,

வியாழக்கிழமை ஆத்தூர் போய் வந்தோம். பொம்மைப் பை பத்துக் கிலோ இருக்கும். பஸ்ஸிலிருந்து பள்ளி வரை நான்தான் தூக்கினேன். நாகஜோதி முன்னால் மிஸ்ஸோடு பேசிக்கொண்டே நடந்தாள். கல்லில் தடுக்கி விழ மாட்டாளா என்று பார்த்தேன். அவள் விழவில்லை.

நன்றாகத்தான் பேசினாள் மாமா. ஆள் விழுந்தால் முதலில் தோளைத் தட்டு, மூச்சுப் பார், 108ஐக் கூப்பிடு என்று அவள் சொல்லச் சொல்ல, முப்பது பிள்ளைகளும் வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் சுவரோரம் காலிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இடம் என்னுடையது என்று ஒவ்வொரு வரிக்கும் தோன்றியது.

பிறகு பிள்ளைகள் அழுத்தத் தொடங்கினார்கள். ஆறு பேருக்கு டிக் வரவில்லை. நாகஜோதி, "இன்னும் பலமா, இன்னும் பலமா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதல் நாளே தானாக வந்த வேலை. வராதவனுக்கு ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. எழுபத்திரண்டு பேர் கையில் நான் பார்த்த தப்பு அது. முட்டி பொம்மையை விட்டு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. தோள் கைக்கு நேர் மேலே வரவில்லை. அப்புறம் எப்படிப் பாரம் இறங்கும்?

பையைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். ஒரு பையனின் முட்டியைப் பொம்மையின் விலாவோடு ஒட்டி நகர்த்தினேன். தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன். "இப்ப கைய மறந்துரு. அப்படியே சாஞ்சு எறங்கு" என்றேன். டிக். அடுத்தவளுக்கும் டிக். ஆறு பேருக்கும் வந்தது. மிஸ் என்னைப் பார்த்தார்கள்.  

திரும்பும்போது பஸ்ஸில் நாகஜோதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்புடிடி கண்டுபிடிச்ச?"

"சும்மா தோணுச்சு."

"பொய் சொல்லாத. எனக்கு ஏன் தோணல?"

அவள் முகத்தைப் பார்த்தேன் மாமா. ஜூலை மாதத்திலிருந்து தினமும் தலை வாரும்போது கண்ணாடியில் நான் பார்க்கிற முகம். அப்படியே அவள் கழுத்துக்கு மேலே இருந்தது. எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று உங்களிடம்தான் சொல்ல முடியும். செம்பட்டி தாண்டும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் அவள் இன்னொரு பள்ளிக்குப் போகப் போகிறாள். அங்கேயும் ஆறு பேருக்கு வராது. "இன்னும் பலமா, இன்னும் பலமா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். அந்த ஆறு பேரும் வீட்டுக்குப் போய், எனக்குத் தெரியும் என்று அவரவர் அப்பாவிடம் சொல்வார்கள்.

சின்னாளபட்டியில் பஸ் நின்றபோது சொல்லிவிட்டேன். முட்டியை, தோளை, முழங்கையை, எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

"இரு இரு, மெதுவா சொல்லு" என்று நோட்டை எடுத்து, வரி வரியாக எழுதிக்கொண்டாள். பஸ் குலுங்கியதால் கையெழுத்துக் கோணல் மாணலாக இருந்தது.

சொன்னது யார் என்று எங்கேயும் எழுதவில்லை மாமா. எட்டிப் பார்த்தேன்.

டெய்சி